மூன்று பலகையும் ஐந்து கதவும்

ஒட்டிலி கேட்டது மூன்று பலகை. அதற்கு மேல் ஓர் ஆணிகூடக் கேட்கவில்லை. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்பதால் இதை அடித்துச் சொல்ல முடியும். நான் தச்சன். பெயர் லோரென்ட்ஸ். எழுத்து எனக்குச் சுமாராக வரும், மரம் நன்றாக வரும். அன்றைக்கு மரத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வெர்லா ஆற்றின் இந்தக் கரையில் இருக்கிறது. இந்தக் கரை ஏர்லாவ் கோமகனுடையது. அந்தக் கரை வைட்டிங்கன் சிற்றரசருடையது. நடுவில் ஒரு மரப்பாலம். பாலத்தின் இந்தப் பாதியை நாங்கள் பழுது பார்ப்போம், அந்தப் பாதியை அவர்கள் பார்ப்பார்கள். நடு மையத்தில் இருக்கும் மூன்று பலகைகளை மட்டும் இரண்டு நாட்டுத் தச்சர்களும் ஒன்றாக நின்று, ஒரே சமயத்தில் சுத்தியலை ஓங்கி அடிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. தனியாக ஒருவன் அந்த இடத்தில் பலகை வைத்தால் அது படையெடுப்பு. என் அப்பாவும் அக்கரைத் தச்சனும் அப்படி அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அடித்து முடித்ததும் பாலத்திலேயே உட்கார்ந்து பீர் குடித்தார்கள். உடன்படிக்கையில் அது இல்லை, ஆனாலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த வருஷம் மார்ச் மாதம் ஆற்றில் பனிக்கட்டி உடைந்து வந்தபோது சரியாக அந்த மூன்று பலகைகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ஆறடி ஓட்டைக்குக் கீழே உத்தரங்கள் மட்டும் நின்றன. வாலிபர்கள் உத்தரத்தின் மேல் கையை விரித்து நடந்து போய்விடுவார்கள். வண்டி போகாது. கனத்த உடம்புக்காரர்கள் போக முடியாது. படகும் கிடையாது. படகு விடும் உரிமை யாருக்கு என்ற வழக்கு என் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது, இன்னும் சாட்சி விசாரணைக்கே வரவில்லை. அடுத்த பாலத்துக்குச் சுற்றிப் போனால் இரண்டு நாள் ஆகும்.

நானும் அக்கரைத் தச்சனும் சுத்தியலோடு கிளம்பிவிட்டோம். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் கோமகன் போன குளிர்காலத்தில் பெருங்கோமகனாக உயர்ந்துவிட்டார். பெருங்கோமகனின் சுத்தியலும் வெறும் சிற்றரசரின் சுத்தியலும் ஒரே சமயத்தில் விழக் கூடாதாம். எங்கள் சுத்தியல் ஒரு நொடி முன்னால் விழ வேண்டும் என்றது ஏர்லாவ். விழுந்தால் சுடுவோம் என்றது வைட்டிங்கன். பாலத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு சிப்பாயை நிறுத்தினார்கள். யாராவது பலகை வைத்தால் சுட வேண்டும் என்று இருவருக்கும் எழுத்தில் உத்தரவு. சிப்பாய்கள் இரண்டு பேரும் மதியத்தில் ஓட்டையின் இருபுறமும் உட்கார்ந்து உத்தரத்தின் மேல் சீட்டு ஆடினார்கள்.

ஒட்டிலி பாலத்தடியில் இருக்கும் கறுப்புக் கரடி விடுதியின் சொந்தக்காரி. கணவர் இறந்த பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தனியாக நடத்துகிறாள். அவள் ஒரே மகள் லீஸ்பெத் அக்கரையில் தோல் பதனிடும் யோஸ்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வருஷம் முன்னால் லீஸ்பெத்துக்கு முதல் பிரசவம். அப்போது பாலம் நன்றாகத்தான் இருந்தது. மருத்துவச்சியின் கடவுச்சீட்டில் எங்கள் பக்கத்து முத்திரை தலைகீழாக விழுந்திருந்ததால் அக்கரைச் சுங்கச்சாவடியில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இறந்திருந்தது. அந்தக் குழந்தையின் பெட்டியைச் செய்ததும் நான்தான். அதைவிடச் சின்ன வேலையை என் கையால் செய்ததில்லை.

இப்போது லீஸ்பெத் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். நவம்பரில், மார்ட்டின் திருநாளையொட்டி, பேறுகாலம். இரு கரைக்கும் சேர்த்து ஒரே மருத்துவச்சி எங்கள் கெர்ட்ரூட். அறுபது வயது, இடுப்பு வலி, நல்ல பாரம்.

"அவ உத்தரத்து மேல நடப்பாளா லோரென்ட்ஸு?" என்று கேட்டாள் ஒட்டிலி.

"அவ நடந்தா உத்தரம் நிக்காது."

"அப்ப எழுது. நவம்பர் வரைக்கும் டைம் இருக்கு. மூணு பலகைக்கு எட்டு மாசம் போதாதா?"

போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஏப்ரல் மாதம் ஏர்லாவிலிருந்து ஒரு வண்டி வந்தது. அதிலிருந்து அந்தரங்க ஆலோசகர் ஃபான் ஸ்ட்ரால் இறங்கினார். உயரமான மனிதர், கழுத்துப்பட்டி காதைத் தொட்டது. ஓட்டையின் விளிம்பில் நின்று குனிந்து வெகு நேரம் பார்த்தார். ஒட்டிலி கைகளை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"ஐயா, மூணே பலகைதான். மரம்கூட லோரென்ட்ஸ்கிட்ட இருக்கு."

"அம்மணி," என்றார் அவர், "நீங்கள் பலகையைப் பார்க்கிறீர்கள். நான் ஐரோப்பாவைப் பார்க்கிறேன். இந்த ஓட்டையை அவசரப்பட்டு அடைத்தால் அந்தக் கரையின் கை ஓங்கும். அந்தக் கரையின் கை ஓங்கினால் வடக்கு ராஜ்ஜியம் சும்மா இருக்காது. வடக்கு அசைந்தால் தெற்குப் பேரரசு அசையும். ஐம்பது வருஷமாக ஐரோப்பா சமநிலையில் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் என்ன? எங்களைப் போன்றவர்கள் எதையும் பழுது பார்க்காததுதான்."

"அதெல்லாம் சரி ஐயா. நவம்பருக்குள்ள ஆயிடுமா?"

"மாநாடு கூடும்," என்றார் ஃபான் ஸ்ட்ரால். அதைக் கேட்டு ஒட்டிலி சந்தோஷப்பட்டாள். பாவம், அவள் அதுவரை மாநாட்டைப் பார்த்ததில்லை.

மாநாடு கறுப்புக் கரடி விடுதியின் கூடத்திலேயே கூடுவதென்று முடிவாயிற்று. சுற்றுவட்டாரத்தில் அதுதான் பெரிய கூடம், வாத்து வறுவலும் நன்றாக இருக்கும். வைட்டிங்கன் தரப்பில் ஃபான் குப்லர் என்ற குட்டையான கனவான் வந்தார். அடுத்த பாலம் வழியாக இரண்டு நாள் சுற்றி வந்ததால் அவருக்கு முதுகு பிடித்திருந்தது. விடுதி வாசலில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். குனிந்து வணங்கினார்கள். பிறகு அங்கேயே நின்றார்கள்.

வாசல் ஒன்று, ஆட்கள் இருவர். யார் முதலில் நுழைவது?

காலை பத்து மணிக்கு நின்றவர்கள் மாலை வரை நின்றார்கள். மழை பெய்தது. செயலாளர்கள் குடை பிடித்தார்கள். மறுநாளும் வந்து நின்றார்கள். மூன்றாம் நாள் ஒட்டிலி பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் ஒண்ணா ஒருக்களிச்சு நுழைஞ்சிடுங்களேன்" என்றாள். ஒருக்களித்தால் யாருடைய முதுகு யார் பக்கம் இருக்கும் என்ற கேள்வி எழுந்தது. அதற்குத் தலைநகரங்களிலிருந்து பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. பதில்: இன்னொரு கதவு வையுங்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்துச் சுவரை உடைத்து இரண்டாவது கதவு வைத்தேன். உடனே ஃபான் குப்லர் பழைய வாசல் யாருக்கு என்று கேட்டார். பழையதைக் கொடுத்தால் கந்தலைக் கொடுத்ததாகும், புதியதைக் கொடுத்தால் நேற்று முளைத்தவன் என்று சொன்னதாகும். ஆகவே பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, ஒரே மாதிரி இரண்டு புதுக் கதவுகள் வைத்தேன். ஏழடி உயரம், மூன்றடி அகலம், இரண்டு அங்குலக் கனத்தில் கருவாலி மரம். மரத்தை அரண்மனைகளே அனுப்பின. கதவுக்கு மரம் கேட்டதும் நான்காம் நாள் வந்து இறங்கிவிட்டது. இதே மரத்தில் மூன்று பலகை அறுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். இது கதவுக்கென்று ஒதுக்கப்பட்ட மரம் என்றார்கள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. பழைய உடன்படிக்கைக்கு ஜாமீன் நின்றவர்கள் என்ற முறையில் வடக்கு ராஜ்ஜியம் ஒரு தூதரை அனுப்பியது. வடக்கு அனுப்பியதால் தெற்குப் பேரரசும் அனுப்பியது. இருவருக்கும் நடுவில் மத்தியஸ்தம் செய்ய ஒரு சின்ன நாட்டுப் பேராசிரியர் வந்தார். ஆக ஐந்து கதவு. ஒவ்வொரு கதவும் அந்தந்த நாட்டின் மண்ணாகக் கருதப்படும், அந்தந்தத் தூதர் தன் கதவு வழியாகவே வர வேண்டும், தன் சேவகன் திறந்த பிறகே போக வேண்டும் என்று முதல் விதி எழுதப்பட்டது.

"ஐயா, இந்தச் சுவர்ல இனிமே சுவரே இல்ல," என்றேன் ஃபான் ஸ்ட்ராலிடம். "மேல ஒரு மாடி இருக்கு. அதுல நீங்கதான் தூங்குறீங்க."

"முட்டுக் கொடு," என்றார்.

ஐந்து முட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஒரே உயரம்.

பீர் குடிக்க வந்த ஊர்க்காரர்கள் எந்த வழியாக வருவது? ஐந்து கதவிலும் ஐந்து நாட்டுச் சேவகர்கள் நின்றார்கள். கடைசியில் எல்லோரும் பின்பக்கமாக, சமையலறைக் கதவு வழியாக வந்தார்கள். அது கோணலான பைன்மரக் கதவு. பன்றிக்குத் தவிடும், பீப்பாயும், விறகும், நாங்களும் அந்த வழியில்தான். மாநாட்டு வரைபடத்தை வரைந்தவர் சமையலறைப் பக்கம் போகாததால் அந்தக் கதவு வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாததால் அது மாநாட்டைப் பொறுத்தவரை இல்லை.

ஐந்து பேரும் ஒரே நொடியில் நுழைய ஒத்திகை நடந்தது. தண்டத்தால் மூன்று முறை தட்ட வேண்டும், மூன்றாவது தட்டில் எல்லோரும் வலது காலை எடுத்து வைக்க வேண்டும், ஏழாவது அடியில் மேசை. முதல் நாளே சிக்கல். தெற்குத் தூதருக்குக் காலில் வாதம். அவர் நான்காவது அடி வைக்கும்போது மற்றவர்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். பேரரசை அவமதித்ததாகிவிட்டது. மூன்று வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு எல்லோரும் நொண்டி நடப்பதென்று ஒப்புக்கொண்டார்கள். எந்தக் காலில் நொண்டுவது என்பதில் ஒரு வாரம் போயிற்று. ஜூலை முழுக்க எங்கள் ஊர்ப் பெண்கள் சமையலறை ஜன்னல் வழியாக, ஐந்து மரியாதைக்குரிய மனிதர்கள் இடது காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்துக்கொண்டே முட்டைக்கோஸ் நறுக்கினார்கள்.

ஆகஸ்ட்டில் மாநாடு உண்மையாகவே தொடங்கியது. முதல் பொருள், பேசப்போகும் பொருள் இருக்கிறதா என்பது. தங்கள் நாட்டில் ஓட்டை எதுவும் கிடையாது என்றார் ஃபான் குப்லர். ஏர்லாவ் பக்கத்தில் இருக்கும் ஓட்டையின் ஓரம் தங்கள் பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கலாம், அவ்வளவுதான். ஃபான் ஸ்ட்ரால் எழுந்தார். பெருங்கோமகன் பட்டமேற்ற பிறகு இந்த நாட்டில் எதுவும் உடையவில்லை என்று அரசிதழில் அறிவித்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். பேராசிரியர் இரண்டு தரப்புக்கும் பொதுவாக, ஓட்டை ஆற்றுக்குச் சொந்தம் என்றார். ஆறு யாருக்குச் சொந்தம் என்று தெற்கு கேட்டது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

வடக்குத் தூதர் மட்டும் அதிகம் பேசவில்லை. மீசை நரைத்த, சிவந்த மனிதர். ஒரு நாள் நான் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல வேலைப்பாடு," என்றார். "இந்தக் கதவு எவ்வளவு கனம் தாங்கும்?"

"கதவு கனம் தாங்காது ஐயா. ஆளைத் தடுக்கும்."

"படுக்க வெச்சா?"

"படுக்க வெச்சா மாட்டு வண்டி தாங்கும்."

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆறு குதிரை பூட்டின வண்டி?" என்று கேட்டார். தாங்கும் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பைத்தியக்காரர் என்று நினைத்தேன். மற்ற நான்கு பேரும் புத்திசாலிகள் என்று அதுவரை எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

செப்டம்பர் போயிற்று. அக்டோபர் போயிற்று. ஒட்டிலி ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சமைத்தாள். சூப்புக் கிண்ணங்கள் ஐந்தும் ஒரே நொடியில் மேசையைத் தொட வேண்டும் என்பதால் ஐந்து பேர் பரிமாற வேண்டியிருந்தது. ஐந்தாவது ஆள் நான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஓட்டையின் விளிம்புக்குப் போவாள். அந்தப் பக்க விளிம்பில் லீஸ்பெத் வந்து நிற்பாள். இருவரும் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். மாதாமாதம் லீஸ்பெத் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றாள்.

"காலு வீங்குதாடி?"

"வீங்குது. நீ எப்ப வருவ?"

"கதவெல்லாம் முடிஞ்சிருச்சுடி. இனிமே பலகைதான்."

திரும்பி வரும்போது எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த ஐந்து கதவையும் செய்தவன் நான். நன்றாகவும் செய்திருந்தேன்.

மார்ட்டின் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலை பதினொரு மணி இருக்கும். யோஸ்ட் உத்தரத்தின் மேல் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "அத்தே, வலி எடுத்துருச்சு. நேத்து ராத்திரியே தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சாம், என்கிட்ட சொல்லல" என்றான்.

ஒட்டிலி கரண்டியைக் கீழே வைத்தாள். நேராகக் கூடத்துக்குள் போனாள். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போது இதுவரை யாரும் அப்படிப் போனதில்லை. நான் பின்னால் போனேன்.

"ஐயா, எம்பொண்ணுக்கு வலி வந்துருச்சு. பலகை எப்ப?"

ஐந்து தலைகள் நிமிர்ந்தன. ஃபான் ஸ்ட்ரால் மட்டும் எழுந்தார். நியாயமாகச் சொன்னால் அவர் கெட்டவர் அல்ல. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"அம்மணி, மகிழ்ச்சியான செய்தி சொல்கிறேன். முகவுரை இன்று காலை நிறைவேறிவிட்டது. 'மக்களின் நலனே எங்கள் ஒரே நோக்கம்' என்ற வரியை ஒரு சொல்லும் மாற்றாமல் ஐந்து அரசுகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய வரலாற்றில் இது சாதாரண விஷயம் அல்ல. வசந்த காலத்தில் முதல் ஷரத்தைத் தொடுவோம்."

"குழந்தை வசந்தம் வரைக்கும் இருக்காதுங்களே."

"இயற்கை எங்கள் நடைமுறைக்குக் கட்டுப்படுவதில்லை," என்றார் ஃபான் குப்லர். "அது இயற்கையின் குறை."

"இது உள்ளூர் விவகாரம்," என்றது தெற்கு.

"இந்தப் பெண்மணி எந்தக் கதவு வழியாக வந்தார்?" என்று கேட்டார் பேராசிரியர்.

வரைபடத்தைப் பிரித்துத் தேடினார்கள். எந்தக் கதவு வழியாகவும் அவள் வந்திருக்க முடியாது என்று தெரிந்ததால், வரவில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ஒட்டிலி அழுவாள் என்று நினைத்தேன். அவள் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக, மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல. பிறகு சமையலறைக்குத் திரும்பி வந்து என்னைக் கேட்டாள்.

"லோரென்ட்ஸு, பாலம் எத்தனை அடி அகலம்?"

"பதினஞ்சு."

"கதவு?"

"மூணு." சொல்லி முடிப்பதற்குள் கடப்பாரையைக் கையில் எடுத்திருந்தேன்.

கீலில் தொங்கும் கதவைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. கீழே ஒரு கடப்பாரை, மேலே ஒரு ஆள், ஒரே தூக்கு. சேவகர்கள் ஐந்து பேரும் அந்த நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்க உத்தரவு வந்தால்தான் எழுவார்கள், கழற்றுவதைப் பற்றி அவர்களுக்கு உத்தரவில்லை. கூடத்தில் இருந்த ஐவருக்கோ, யார் முதலில் எழுந்து தடுப்பது என்பது முடிவாகவில்லை. யோஸ்ட்டும் நானும் ஊர்க்காரர்கள் எட்டு பேரும் சேர்ந்து கால் மணியில் ஐந்து கதவையும் இறக்கிப் பாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

எங்கள் பக்கச் சிப்பாய் சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். "பலகையா?"

"கண்ணு தெரியலயா? கதவு," என்றேன்.

அவன் உத்தரவுக் காகிதத்தை எடுத்து உதட்டை அசைத்துப் படித்தான். அந்தப் பக்கத்துச் சிப்பாயும் தன்னுடையதை எடுத்துப் படித்தான்.

"பலகை வெச்சாத்தான் சுடணும்," என்றான் இவன்.

"எனக்கும் அப்படித்தான் போட்டுருக்கு," என்றான் அவன். "ஆணி அடிச்சா?"

"ஆணி அடிக்கல. சும்மா படுக்க வெக்கிறோம்."

"அப்ப படுக்க வையுங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி, ஆடுது."

ஐந்து நாட்டு மண்ணும் ஐந்து மூன்றடியாக, ஓட்டையின் மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு படுத்தன. எதற்கும் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. கெர்ட்ரூட் பையைத் தூக்கிக்கொண்டு முதல் அடியை வைத்தாள். கருவாலி முனகக்கூட இல்லை. நடுவில் நின்று, "இதுல எது நம்ம ஊருக் கதவு?" என்று கேட்டாள்.

"நட கெழவி!" என்று கத்தினாள் ஒட்டிலி.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று கெர்ட்ரூட் சொன்னாள். அதைக் கேட்டு நான் யோஸ்ட்டின் தோல் பட்டறையில், அந்த நாற்றத்துக்கு நடுவே, உட்கார்ந்து அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

விடுதிக்குத் திரும்பியபோது மாநாட்டில் பெரிய நெருக்கடி. கூடத்தில் ஐந்து வாசல்களும் திறந்து கிடந்தன, காற்று இப்படி நுழைந்து அப்படிப் போயிற்று, காகிதங்கள் பறந்தன. ஆனால் யாரும் வெளியே வர முடியவில்லை. முதல் விதிப்படி ஒவ்வொருவரும் தன் கதவைச் சேவகன் திறந்த பிறகே போகலாம். கதவு இல்லை; இல்லாததைத் திறக்க முடியாது. ஆகவே சட்டப்படி ஐந்தும் மூடியிருந்தன.

"கதவுகளைத் திரும்ப வை," என்றார் ஃபான் ஸ்ட்ரால், கோட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு.

"வெச்சிடலாம் ஐயா. எதை முதல்ல வெக்கிறது?"

அந்தக் கேள்வியை நான் திட்டம் போட்டுக் கேட்கவில்லை. ஒரு தச்சன் வழக்கமாகக் கேட்பதுதான். ஆனால் அது தலைநகரங்களுக்குப் போயிற்று. குளிர்காலம் முழுக்கப் பதில் வரவில்லை.

அவர்கள் மாடியில் தூங்கினார்கள், கூடத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொல்லைப்பக்கம் போக வேண்டியிருக்கும்போது இல்லாத சமையலறைக் கதவு வழியாகப் போய் வந்தார்கள். அப்போது எதிரில் வந்தாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. ஊர்க்காரர்கள் பாலத்தில் வண்டி ஓட்டினார்கள். ஒட்டிலி தினமும் மாலையில் பேத்தியைப் பார்க்கப் போனாள். கறுப்புக் கரடியின் கூடம் பாழாய்ப் போயிருந்தது, அவளோ பல வருஷத்துக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தாள்.

மே மாதம் ஒரு நாள் காலை வடக்குத் தூதரைக் காணவில்லை. மற்ற நால்வரிடமும் சொல்லவில்லை. சமையலறை வழியாக வந்து, ஒட்டிலியிடம் ஒரு துண்டு ரொட்டி வாங்கிக் கடித்துக்கொண்டே, குதிரையேறிப் போய்விட்டார். இல்லாத கதவு வழியாகப் போனதால் அவர் இன்னும் உள்ளே இருப்பதாகவே குறிப்பில் எழுதி வந்தார்கள்.

ஜூன் மாதம் வடக்கின் படை வந்தது. ஆறு குதிரை பூட்டிய பீரங்கி வண்டிகள் வரிசையாகக் கதவுகளின் மேல் உருண்டு போயின. முதல் நாள் வைட்டிங்கன் இல்லாமல் போயிற்று. பதினோராம் நாள் ஏர்லாவ். நான் பாலத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு ஒன்றுகூட விரியவில்லை. என் வேலையை அவ்வளவு வெறுத்தது அன்றைக்குத்தான்.

ஓர் இளம் அதிகாரி சேற்றுக் காலணியோடு விடுதிக் கூடத்துக்குள் நுழைந்தார், கைக்கு எட்டிய வாசல் வழியாக. மேசையில் நான்கு பேர் எழுந்து நின்றார்கள்.

"ஏர்லாவ் இப்ப இல்ல. வைட்டிங்கனும் இல்ல. நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார் அதிகாரி.

ஃபான் ஸ்ட்ரால் மெல்லிய குரலில், "தாங்கள் இப்போது நுழைந்தது தெற்குப் பேரரசின் கதவு" என்றார்.

அவர்களைச் சிப்பாய்கள் தூக்கித்தான் வெளியே கொண்டுபோனார்கள். நான்கு பேரையும் ஒரே சமயத்தில். அது அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் புதிய ராஜ்ஜியத்தைப் புகழ்ந்துகொண்டு இருந்திருப்பேன். எல்லைக்கோடு போயிற்று, சுங்கச்சாவடி போயிற்று, முத்திரை போயிற்று. ஐந்து வருஷத்தில் எல்லா நாடும் ஒரே நாடாகி, எங்கள் ஊரில்கூடப் பட்டாசு வெடித்தார்கள். அடுத்த வசந்தத்தில் தலைநகரிலிருந்து ஒரு பொறியாளர் நான்கு வண்டிகளோடு வந்தார். வெற்றிப்படை கடந்த புகழ்பெற்ற கதவுகளை ஆயுதக் கொட்டடியில் மக்கள் பார்வைக்குத் தொங்கவிடப் போகிறார்களாம். ஐந்தையும் ஜாக்கிரதையாகத் தூக்கி, வைக்கோல் சுற்றி, ஏற்றிக்கொண்டார். ஒரு வாத்தியக் குழுகூட வாசித்தது.

"ஐயா, ஓட்டை?" என்றேன்.

"ஓட்டையா? அதற்கு விண்ணப்பம் போட வேண்டும். மூன்று பிரதி. இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, பழைய காலம் மாதிரி இல்லை. பாலங்களுக்கான தலைமை ஆணையம் ஆராய்ந்து ஒரு குழுவை அனுப்பும். அனுமதி வரும் வரை யாரும் பலகை வைக்கக் கூடாது." போகும்போது பாலத்தின் ஒரு முனையில் ஒரு சிப்பாயை நிறுத்திவிட்டுப் போனார். முன்பு இரண்டு பேர் நின்றார்கள். நாடு ஒன்றானதில் அந்த மிச்சம்.

நான் விடுதிக்குப் போனேன். ஒட்டிலி சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். லீஸ்பெத்துக்கு மறுபடியும் ஆறாம் மாதம். அது எங்கள் இருவர் மனசிலும் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். காகிதமும் பேனாவும் எடுத்து மேசையில் வைத்தேன்.

"மூணு பிரதியாம். சொல்லு, எழுதறேன்."

ஒட்டிலி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து உருளைக்கிழங்குத் தோலைப் பொதிந்து பன்றித் தொட்டியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பின்பக்கத்துக் கோணல் கதவை ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தாள்.

"கடப்பாரை இருக்கா?" என்றாள். "இதக் கழட்டு."

"இது ஒண்ணுதானே ஒட்டிலி? மூணடிதான் வரும். வண்டி போகாது."

"வண்டி யாரு கேட்டா? கெர்ட்ரூட் போனா போதும்."

நான் கதவுக்குக் கீழே கடப்பாரையை நுழைத்தேன். அவள் மேலே பிடித்துக்கொண்டாள்.